கொசுறாகப் போன ஐந்தாவது குருவி

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டைகள் நிறைந்த ஒரு தட்டு சுற்றி வரும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். வருஷம் முழுக்க அது பீரோ கதவிலோ வேதாகமத்துக்குள்ளோ இருக்கும். அந்தத் தட்டில் எரேமியா 29:11 இல்லாமல் இருக்காது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." வேலை தேடுகிற பையன், வரன் தட்டிப்போய்க்கொண்டே இருக்கிற பெண், குழந்தைக்காகக் காத்திருக்கிற தம்பதி என்று யார் கைக்கு வந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த வருஷம் நடந்துவிடும். நடக்காமலே அடுத்த டிசம்பர் வந்துவிட்டால் மனசு ஒரு கணக்குப் போடும். கர்த்தர் பொய் சொல்லமாட்டார், அப்படியானால் கோளாறு என்னிடம்தான், நான்தான் லாயக்கில்லாதவன்.

ஆறுதலாக வந்த வசனம் ஆளை நொறுக்குவது இப்படித்தான். அதற்கு முந்தின வசனம் அட்டையில் இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்று 10-ம் வசனத்தில் கர்த்தர் சொல்லிவிடுகிறார். இந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின கடிதம். அது வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் மிகப் பலர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. அவர்களுக்குத்தான் 5-ம் வசனத்தில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்று எழுதுகிறார். கேட்டது கிடைக்காத எழுபது வருஷமும் அவர்கள் தேவனுடைய நினைவில்தான் இருந்தார்கள். கிடைத்தால்தான் நினைத்தார் என்று பொருள் என்பதை இந்த அதிகாரமே மறுக்கிறது.

தன்மதிப்புக்காக வேதத்திடம் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, உங்களைப் புகழும் வசனங்களைத் தேடிப் பொறுக்காதீர்கள் என்பதுதான். மனுஷனுடைய மதிப்பைப் பற்றி வேதம் சொல்வதில் பெரும்பகுதி தனி வசனங்களில் இல்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்ற வரிசையில் இருக்கிறது. அதிகாரம் முழுவதையும் வாசித்தால்தான் அந்த வரிசை கண்ணில் படும்.

ஏசாயா 43:4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய், நானும் உன்னைச் சிநேகித்தேன்." எத்தனையோ சுவர்க் காலண்டர்களில் வந்த வசனம். இதை 42:18-லிருந்து தொடங்கி வாசியுங்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில்தான் வேதாகமத்துக்கு வந்தன. ஏசாயாவில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கிறது. 42-ம் அதிகாரத்தின் கடைசியில் என்ன இருக்கிறது? கண்டும் கவனியாத, கேட்டும் கேளாத ஒரு ஜனம். கொள்ளையிடப்பட்டுச் சிறையிருப்பில் கிடக்கிற ஜனம். நெருப்பு தங்களைச் சூழ்ந்து எரிந்தும் அதை மனதில் வைக்காதவர்கள் என்று அந்த அதிகாரம் முடிகிறது. அடுத்த வரி: "இப்போதும் யாக்கோபே, உன்னைச் சிருஷ்டித்தவரும்..." இடையில் மனந்திரும்புதல் இல்லை, உபவாசம் இல்லை, ஒரு நல்ல காரியமும் இல்லை. பேர்சொல்லி அழைப்பதும், நீ என்னுடையவன் என்பதும், அருமையானவன் என்பதும் அந்த இடத்தில்தான் வருகின்றன. பிறகாவது அவர்கள் திருந்தினார்களா? 22-ம் வசனம், "யாக்கோபே, நீ என்னை நோக்கிக் கூப்பிடவில்லை" என்கிறது. அதற்கும் பிறகு 25-ல், "நான், நானே உன் மீறுதல்களை என் நிமித்தமாகவே குலைத்துப்போடுகிறேன்" என்கிறார். 'என் நிமித்தமாகவே' என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. காரணம் அவரிடத்தில் இருப்பதால், நம்முடைய நல்ல நாளில் அது கூடுவதுமில்லை, கெட்ட நாளில் குறைவதுமில்லை.

இயேசுவின் காரியத்திலும் வரிசை அப்படியே. யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று சத்தம் வருகிறது. அது மத்தேயு 3-ம் அதிகாரம். அதுவரை அந்தச் சுவிசேஷத்தில் அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் கேட்பது அப்பத்தைப் பற்றி என்று நினைக்கிறோம். அவன் தொடங்குவது "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று. சொல்லப்பட்டு முடிந்த ஒன்றைச் செய்து காட்டி நிரூபிக்கச் சொல்கிறான். இயேசு நிரூபிக்க மறுக்கிறார். நம் காதிலும் அதே 'ஆனால்' தினமும் விழுகிறது: நீ நல்ல பிள்ளையானால் இவ்வளவு மார்க் வாங்கியிருக்க வேண்டும், நல்ல மனைவியானால் இதைத் தாங்கியிருக்க வேண்டும், ஆசீர்வதிக்கப்பட்டவனானால் சொந்த வீடு கட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தன்னைத் தாழ்வாக நினைக்கிறவர்களுக்குத் தேவன் பாராட்டுரை வாசிப்பது அபூர்வம். "நான் எம்மாத்திரம்" என்று மோசே யாத்திராகமம் 3:11-ல் கேட்கிறார். அவர் எகிப்தின் அரண்மனையில் வளர்ந்தவர், சகல கலைகளும் கற்றவர். அதைச் சொல்லித் தட்டிக்கொடுத்திருக்கலாம். கிடைத்த பதில், "நான் உன்னோடே இருப்பேன்." மோசே யார் என்ற கேள்வி அப்படியே விடப்பட்டு, மோசேயோடு இருப்பவர் யார் என்பது முன்னுக்கு வருகிறது. 'உன்னால் முடியும்' என்கிற மேடைப்பேச்சுக்கும் வேதத்தின் பதிலுக்கும் வித்தியாசம் இங்கேதான். முடியாத நாளில் மேடைப்பேச்சு பொய்யாகிவிடும். உடனிருப்பேன் என்றவரின் வார்த்தை முடியாத நாளுக்கென்றே சொல்லப்பட்டது.

குருவிகளின் கணக்கு என் மனசுக்கு மிகவும் பிடித்தது. மத்தேயு 10:29-ல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்கா 12:6-ல் இரண்டு காசுக்கு ஐந்து. காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது கொசுறு. அந்தக் காசு ரோமர்களின் சின்னச் செம்புக்காசு, ஒரு நாள் கூலியான வெள்ளிக்காசில் பதினாறில் ஒரு பங்கு. ஏழைகள் வாங்கித் தின்கிற குருவி. அதிலும் விலையே போடாமல் சேர்த்துக் கொடுத்த ஒன்று. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று இயேசு சொல்லும்போது அந்த ஐந்தாவதும் சேர்ந்துதான். இதை அவர் யாரிடம் சொன்னார் என்பதும் முக்கியம். சரீரத்தைக் கொலை செய்கிறவர்களுக்குப் பயப்படாதிருங்கள் என்று தொடங்குகிற பேச்சு இது. ஜெப ஆலயங்களுக்கும் அதிகாரிகளுக்கும் முன்பாக இழுக்கப்படப் போகிறவர்களுக்குச் சொன்னது. ஊரார் போடும் விலை பூஜ்யமாகவே இருக்கட்டும், அது உங்கள் விலையில்லை என்று சொல்லி அனுப்புகிறார்.

இனி செய்முறை. ஒரு நோட்டு, ஒரு பேனா, அச்சிட்ட வேதாகமம் போதும். போனில் வாசித்தால் நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து விழும், அதுவும் பெரும்பாலும் இன்னொரு ஒற்றை வசனமாகவே இருக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி, ஐந்து வாரத்துக்கு ஐந்து பகுதிகள்: ஏசாயா 42:18 முதல் 43 முடிய, யாத்திராகமம் 3, 4, 1 இராஜாக்கள் 19, லூக்கா 15, யோவான் 21. ஒரே பகுதியை ஆறு நாளும் வாசிக்க வேண்டும். தினமும் இருபது நிமிடம். அதில் பாதி நேரம் வாய்விட்டு வாசிக்க. கண்ணால் மட்டும் ஓட்டினால் பழகின வசனத்துக்குத் தாவிவிடுவோம், நடுவில் இருப்பது விட்டுப்போகும்.

முதல் இரண்டு நாள் நோட்டில் ஒரு கோடு இழுத்து இரண்டு பத்தியாக்குங்கள். இடப்பக்கம் அந்த மனுஷன் செய்தது, வலப்பக்கம் தேவன் செய்தது அல்லது சொன்னது, வசன எண்ணோடு. எந்தப் பக்கம் எண் சிறியது என்று பாருங்கள். லூக்கா 15-ல், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளையவன் ஊருக்குத் திரும்பக் கிளம்புமுன் மூன்று வாக்கியம் தயார் செய்கிறான். கடைசி வாக்கியம், "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." தகப்பன் முன்னால் அவன் பேசுவது இரண்டுதான், மூன்றாவதை 21-ம் வசனத்தில் காணோம். 20-ம் வசனத்திலேயே தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாயிற்று. அவன் பேசி முடித்ததும் உயர்ந்த வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று உத்தரவு பறக்கிறது. கூலிக்கு இருக்கிறேன் என்று சொல்லவே இடமில்லை.

மூன்றாம் நாள் உங்களைக் குத்திக்கொண்டிருக்கிற வாக்கியத்தை, மனசுக்குள் எப்படி ஓடுகிறதோ அப்படியே எழுதுங்கள். வேதத் தமிழாக்க வேண்டாம். 'என்னால எல்லாருக்கும் பாரம்' என்றால் அதுதான். கீழே, அதை முதலில் சொன்னது யார் என்று எழுதுங்கள். பள்ளிக்கூடமா, சொந்தக்காரர்களா, பெண் பார்க்க வந்தவர்களா, சம்பளச் சீட்டா. பல வருஷமாகக் கேட்டுப் பழகினதால் அது தேவனுடைய குரல் போலவே ஒலிக்கும்.

அப்போது ஒரு சோதனை செய்ய வேண்டும். குற்றச்சாட்டு குறிப்பான ஒரு செயலைச் சொல்கிறதா? 'செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் பொய் சொன்னாய்' என்பது குறிப்பானது. அதை அறிக்கையிடலாம், அம்மாவிடம் போய்ச் சொல்லலாம், திருத்தலாம். 1 யோவான் 1:9 அதற்குத்தான். 'நீ எதற்கும் உதவாதவன்' என்பதில் அறிக்கையிட ஒன்றுமில்லை, திருத்தவும் ஒன்றுமில்லை. அதற்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு நிம்மதி கிடைக்காதது இதனால்தான். செய்யாத குற்றத்துக்கு எத்தனை முறை மன்னிப்பு கேட்டாலும் தீராது. அந்த இடத்தில் 1 யோவான் 3:20-ஐ வாசியுங்கள்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." நம் இருதயத்தின் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு.

நான்காம் நாள் ஒரு புலம்பல் எழுதுங்கள். மாதிரிக்குச் சங்கீதம் 13 போதும், மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்தில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. நம் ஜெபங்களில் பொதுவாக முதல் பகுதி இருக்காது. ஸ்தோத்திரத்தில் தொடங்கி விண்ணப்பத்துக்குப் போய்விடுவோம், முறுமுறுப்பு பாவம் என்று சொல்லி வளர்த்திருப்பதால். எழுதப்படாத முறையீடு உள்ளேயே தங்கி, 'என்னைப் பற்றி அவருக்குக் கவலையில்லை' என்று உறைந்துவிடும். நம்பிக்கைப் பகுதி வரவில்லையென்றால் வலிந்து எழுதாதீர்கள். சங்கீதம் 88 நம்பிக்கை வரியே இல்லாமல் இருளில் முடிகிறது. அதுவும் ஜெபமாக வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் நாள் எழுதினதில் ஒரு பத்தியை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆறாம் நாள் அந்தப் பகுதியை மறுபடி சத்தமாக வாசிப்பது மட்டும்.

ஏழாம் நாள் நோட்டைத் திறக்க வேண்டாம். இதற்கு யாத்திராகமம் 5 காரணம். எகிப்தில் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கில் மட்டும் ஒன்றும் குறையக் கூடாது என்றார்கள். மனுஷனுக்கு மதிப்பே அன்றன்றைக்கு அறுத்த செங்கல்தான். அங்கிருந்து வந்த ஜனத்துக்கு ஓய்வுநாளைக் கட்டளையிடும்போது உபாகமம் 5:15, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. ஒரு செங்கல்கூட அறுக்காத நாளிலும் நீ ஆள்தான் என்று வாரந்தோறும் பழக்கப்படுத்துகிற ஏற்பாடு அது. ஞாயிற்றுக்கிழமையைப் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபக்கூட்டம் என்று காலை ஆறு முதல் இரவு பத்து வரை நிரப்பி வைத்திருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஊழியமும் செங்கலாகிவிடும். லூக்கா 15-ல் மூத்தவன் பேசுவதைக் கேளுங்கள்: இத்தனை வருஷகாலமாய் ஊழியஞ்செய்தேன், ஒருக்காலும் கற்பனையை மீறவில்லை, ஒரு ஆட்டுக்குட்டியாவது தந்தீரா? இளையவன் கூலிக்காரனாக வர நினைத்தான், இவன் வீட்டுக்குள்ளேயே கூலிக்காரனாக வாழ்ந்துவிட்டான். சாட்சி நேரத்தில் யாருக்கோ கிடைத்த அற்புதத்தைக் கேட்டுவிட்டு மனம் கசந்து வீடு திரும்புகிற உண்மையான விசுவாசிகள் நிறைய உண்டு. அவர்களுக்கான வசனம் 31: "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது."

இந்த வழியைக் கெடுக்கிற இரண்டு வாசிப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று சங்கீதம் 22:6, "நானோ ஒரு புழு, மனுஷனல்ல." ஜெபத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வது தாழ்மை என்று நினைக்கிறோம். அதே வசனத்தின் மறுபாதி, மனுஷரால் நிந்திக்கப்பட்டும் ஜனங்களால் அவமதிக்கப்பட்டும் இருக்கிறேன் என்கிறது. புழுவாக நடத்தினவர்கள் மனுஷர். தேவன் எப்படி நடத்தினார் என்பது 24-ம் வசனத்தில்: உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாயெண்ணவில்லை, அருவருக்கவில்லை, முகத்தை மறைக்கவில்லை. ஆறாம் வசனத்தோடு நின்றுவிட்டால், நிந்தித்தவர்களின் தீர்ப்பை ஜெபமாக்கித் தேவனிடமே வாசிக்கிறோம்.

இன்னொன்று மத்தேயு 16:24, தன்னைத்தான் வெறுத்துச் சிலுவையை எடுத்துக்கொள்வது. அடி வாங்குகிற மனைவிக்கு இந்த வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இரண்டு வசனம் தள்ளி வாசிக்க வேண்டும். "மனுஷன் உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்திக்கொண்டாலும், தன் ஜீவனை நஷ்டப்படுத்தினால் அவனுக்கு லாபம் என்ன?" ஒரு தட்டில் உலகம் முழுவதும், மறுதட்டில் ஒரு ஜீவன், ஜீவன்தான் கனம் என்கிறார். தாழ்மை எங்கிருந்து பிறக்கிறது என்பதை யோவான் 13 காட்டுகிறது. தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும் தேவனிடத்திற்குப் போகிறதையும் அறிந்துதான் இயேசு சீலையை அரையில் கட்டிக்கொண்டு கால்களைக் கழுவுகிறார். தான் யார் என்று தெரிந்தவர் செய்கிற வேலை அது. மிதிபடுவதை அதற்குச் சமமாக்குவது அக்கிரமம். வீட்டில் அடி விழுகிறது என்றால் இந்தியாவில் 181 என்ற எண் பெண்களுக்கென்றே இருக்கிறது. அதை அழைப்பது விசுவாசக் குறைவாகாது.

மதிப்பு மனசுக்குள் மட்டும் தீர்கிற விஷயமும் அல்ல. சாதி இருக்கிற சபையில், "அருமையானவன்" என்ற வசனத்தை எத்தனை முறை வாசித்தாலும், தனிக் கல்லறைத் தோட்டம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகள் சாதி வேறுபாட்டை உடனே, முழுமையாகக் கைவிட வேண்டும் என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க மனமில்லை. அதே காலத்தில் திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணிந்ததற்காக 1822 முதல் தாக்கப்பட்டார்கள். ஆடைகள் கிழிக்கப்பட்டன, ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. அணிவதை அவர்கள் விடவில்லை. 1859 ஜூலை 26 அன்று அரசு பிரகடனம் வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். தேவசாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று ஞாயிறன்று கேட்டதைத் திங்களன்று சந்தைக்கு உடுத்திக்கொண்டு போனவர்கள் அவர்கள். யாக்கோபு 2-ம் அதிகாரம் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் தரித்திரனுக்குப் பாதபடியும் கொடுக்கிற சபையைத்தான் கண்டிக்கிறது. உங்கள் சபையில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக, வாசிக்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா கர்மேலில் அக்கினி இறங்கினதைக் கண்டபின் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சொல்கிறார்: "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல." பதிலாக உபதேசம் வரவில்லை, கண்டிப்பும் வரவில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான் தூதன். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் கேள்வியே வருகிறது. நான் ஒருவன் மாத்திரம் மீதி என்று எலியா இரண்டு முறை சொல்லக் கர்த்தர் விடுகிறார். அதன் பிறகுதான் ஏழாயிரம் பேர் மீதியுண்டு என்பதும், எலிசா என்று ஒரு துணையும்.

எனவே உங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் வசனத்தோடு போகாதீர்கள், சாப்பாட்டோடு போங்கள். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது. சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் பேசலாம். சொல்வதை முழுவதும் சொல்லட்டும், ஒரே பேச்சை இரண்டு முறை சொன்னாலும் இடைமறிக்க வேண்டாம். 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்' என்ற வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். கிளம்பும்போது அடுத்து எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.